கால்ஷீட்டும் காட்சிமொழியும்



தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய பேச்சுக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. மாமியார் அப்படிச் செய்திருக்கலாமா, அந்தப் பெண் ஏன் இவ்வளவு பொறுத்துப்போகிறாள், கதையை இன்னும் எத்தனை மாதம் இழுப்பார்கள் என்று வீட்டுக்கு வீடு விமர்சனம் நடக்கிறது. பேச்சு முழுவதும் கதையைச் சுற்றியே வருகிறது. கேமரா எங்கே நின்றது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது, எந்த இடத்தில் வெட்டி அடுத்த ஷாட்டுக்குப் போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால், 'சீரியல்தானே' என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். படித்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எடுப்பவர்களுக்கும் ரசனை இல்லை, பார்ப்பவர்களுக்கும் இல்லை என்று தீர்ப்பே எழுதிவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பை எதிர்த்து வாதாடவே இன்று வந்திருக்கிறேன். சின்னத்திரையில் ஒரு காட்சி எப்படித் தோன்ற வேண்டும் என்பதைப் பெருமளவு முடிவு செய்வது, ஒரு கால்ஷீட்டுக்குள், அதாவது ஒரு வேளைப் படப்பிடிப்புக்குள், எத்தனை நிமிடம் எடுத்து முடிக்க வேண்டும் என்கிற கணக்கு. ரசனை அதற்குப் பிறகுதான் வாய் திறக்கிறது. இதை நிறுவப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. படப்பிடிப்புத் தளத்தில் லைட்மேன் முதல் எடிட்டர் வரை தினமும் புழங்கும் சில சொற்கள் போதும்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். தமிழிலோ கன்னடத்திலோ நேற்றிரவு ஓடிய ஏதாவது ஒரு தொடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டின் ஹால். பின்னால் மாடிப்படி, ஓரத்தில் பூஜையறை, நடுவில் சோபா. மருமகள் வாசலில் வந்து நின்று ஒரு செய்தி சொல்கிறாள். கேட்பவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் அரைவட்டமாக, ஏறக்குறைய ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் முதுகும் நமக்குத் தெரியாது. எந்தக் குடும்பமும் தன் வீட்டு ஹாலில் இப்படி அணிவகுத்து நின்று பேசுவதில்லை. முதலில் எல்லோரும் தெரிகிற அகலமான ஷாட் வருகிறது, அது மாஸ்டர். பிறகு ஒருவர் தோளுக்குப் பின்னால் கேமராவை வைத்து மற்றவர் முகத்தைக் காட்டும் சஜஷன். பிறகு குளோசப். செய்தி வெடித்ததும் ரியாக்‌ஷன்கள் தொடங்குகின்றன: மாமியார், மாமனார், மூத்தவன், அவன் மனைவி, நாத்தனார் என்று வரிசையாக. ஒரு முகத்துக்கு 3 விநாடி வைத்தால் எட்டு முகத்துக்கு 24 விநாடி. அதே முகங்கள் கொஞ்சம் நெருக்கத்தில் இன்னொரு சுற்று, பிறகு ஒரு ஜூமோடு மூன்றாவது சுற்று. ஆக 72 விநாடி. விளம்பரம் போக ஓர் எபிசோடு ஏறத்தாழ 22 நிமிடம், அதாவது 1320 விநாடி. அதில் ஒரு நிமிடத்துக்கும் மேல், ஒரு வரி வசனம்கூட எழுதாமல், ஒரு நடிகரும் எதையும் மனப்பாடம் செய்யாமல் நிரம்பிவிட்டது. ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசை, சேர்ப்பவர் ஓர் இடியோசையைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

அந்த அரைவட்டம் எங்கிருந்து வந்தது? இருவர் எதிரெதிரே பேசும்போது அவர்களை இணைத்து ஒரு கோடு போனதாகத் தளத்தில் வைத்துக்கொள்வார்கள். இமேஜினரி லைன் என்று பெயர். கேமரா அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் நின்றால், தனித்தனியே எடுத்த இரண்டு குளோசப்பில் ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் பார்ப்பார்கள். ஒட்டிப் பார்க்கும்போது இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதாக நம் கண் ஏற்றுக்கொள்ளும். கோட்டைத் தாண்டிவிட்டால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பார்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதே குழம்பிவிடும். 'லுக் தப்பா இருக்கு சார்' என்று உதவி இயக்குநர் பதறுவது இதற்குத்தான். இரண்டு பேருக்கு ஒரு கோடு. எட்டுப் பேர் ஓர் அறையில் நாலாபுறமும் இயல்பாக உட்கார்ந்து பேசினால், எந்த இருவரும் பேசிக்கொள்ளலாம் என்பதால், 28 கோடுகள். அத்தனை லுக்கையும் யோசித்து, எழுதி வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக எடுப்பது கைதேர்ந்த இயக்குநருக்கே ஒரு நாள் வேலை. வரிசையாக நிறுத்திவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. கேமரா ஒரு பக்கமே நின்று எல்லா முகங்களையும் அள்ளிவிடலாம். நான்காவது சுவரைக் காட்ட வேண்டியதில்லை. பல செட்டுகளில் அந்தச் சுவரே கிடையாது.

வெளிச்சத்திலும் இதே கணக்குதான். முகத்துக்கு முதன்மையான ஒளி ஒரு பக்கத்திலிருந்து வருவது கீ லைட். அது உண்டாக்கும் நிழலை எதிர்ப்பக்கத்திலிருந்து மென்மையாக்குவது ஃபில். ஆளைப் பின்சுவரிலிருந்து பிரித்துக் காட்டப் பின்னாலிருந்து விழுவது பேக்லைட். கீ பலமாகவும் ஃபில் குறைவாகவும் இருந்தால் முகத்தில் பாதி இருளும். மனநிலையை வசனமில்லாமலே சொல்லலாம். ஆனால் அப்படி ஒளியமைத்த காட்சியில் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பினால் எல்லா விளக்கையும் கழற்றி மாற்ற வேண்டும். படப்பிடிப்பில் நேரத்தை விழுங்குவது நடிப்பைவிட இந்த இடமாற்றம்தான். ஆகவே தொடரின் ஹாலில் மேலிருந்தும் முன்னாலிருந்தும் எங்கும் ஒரே அளவாக வெளிச்சத்தைப் பரப்பிவிடுகிறார்கள். யார் எங்கே நின்றாலும் முகம் தெரியும். காலை பத்து மணிக் காட்சியும் நள்ளிரவுக் காட்சியும் ஒரே மாதிரி பளீரென்று இருக்கும். துக்க வீட்டிலும் கல்யாண வீட்டு வெளிச்சம் விழுவது ரசனைக் குறையால் என்று நினைக்கிறோம். விளக்கை நகர்த்த அரை மணி நேரம் கிடைக்காததால் என்று நான் சொல்கிறேன்.

இதற்குச் சான்று கேட்பீர்கள். வலுவான சான்று ஒன்று உலகத் தொலைக்காட்சியின் தொடக்க காலத்திலேயே இருக்கிறது. கார்ல் ஃப்ராய்ண்ட் என்ற ஒளிப்பதிவாளர், மௌனப்பட ஜெர்மனியில் நிழலையும் ஒளியையும் வைத்து வித்தை காட்டியவர். முர்னாவின் 'தி லாஸ்ட் லாஃப்' (1924) படத்தில் கேமராவைத் தன் மார்பில் கட்டிக்கொண்டு நடந்தவர். ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்தின் ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். பிறகு அமெரிக்கா போனார். 'தி குட் எர்த்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். அதே மனிதர் 1951-இல் 'ஐ லவ் லூசி' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடருக்கு ஒளிப்பதிவு செய்தார். பார்வையாளர்கள் எதிரே உட்கார்ந்திருக்க, நாடகம் போல் தொடர்ச்சியாக நடிக்க வேண்டும். மூன்று கேமராக்கள் ஒரே சமயத்தில் வெவ்வேறு தூரத்தில் படம் பிடிக்க வேண்டும். மூன்று கோணத்துக்கும் ஒரே ஒளியமைப்பு பொருந்த வேண்டும் என்பதால், விளக்குகளை மேலே கட்டி, நிழலே விழாதபடி சீராகப் பரப்பினார். இன்றைக்கு நம் ஹால் காட்சிகளில் காண்கிற தட்டையான வெளிச்சத்தின் மூதாதை அதுதான். ஃப்ராய்ண்டுக்கு ரசனை இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது. கை ஒன்றுதான், வேலை நடக்கும் முறை மாறியது, படத்தின் தோற்றமும் மாறியது.

நம் பக்கத்துக்கு வருவோம். பெங்களூரைச் சேர்ந்தவர்கள் எடுத்த தொலைக்காட்சிப் படைப்புகளில் இந்தியா முழுவதும் இன்றும் நினைவில் நிற்பது 'மால்குடி டேஸ்'. தயாரித்தவர் டி.எஸ். நரசிம்மன், இயக்கியவர் சங்கர் நாக். ஆர்.கே. நாராயணின் கதைகள், அவர் தம்பி ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள். இசை, 'ஏழாவது மனிதன்' படத்தால் தமிழர்கள் அறிந்த எல். வைத்தியநாதன். 1986-இல் தூர்தர்ஷனில் வரத் தொடங்கியது. ஷிவமொக்கா மாவட்டத்து மழைக்காட்டு ஊரான ஆகும்பேயை மால்குடி ஆக்கினார்கள். கலை இயக்குநர் ஜான் தேவராஜ் அந்த ஊர்த் தெருவையே கதையின் தெருவாக மாற்றினார். ஒளிப்பதிவு செய்த எஸ். ராமச்சந்திரா, கிரீஷ் காசரவள்ளியின் 'கடஸ்ராத்த' (1977) படத்துக்குக் கறுப்பு வெள்ளையில் ஒளி தந்தவர். சிறுவன் சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத், அப்பாவாக கிரீஷ் கர்னாட், அம்மாவாக வைஷாலி காசரவள்ளி.

அந்தத் தொடரை இன்று மறுபடி பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். ஆகும்பேயின் 'தொட்ட மனே' என்ற பழைய வீட்டில் எடுத்த காட்சிகளில் வெளிச்சம் முற்றத்திலிருந்து வருகிறது. முற்றத்துக்கு அருகே நிற்பவர் முகம் ஒளிர்கிறது. உள்ளே தள்ளி நிற்பவர் மங்கலாகத் தெரிகிறார். தூணுக்குப் பின்னால் பையன் பாதி மறைந்து நிற்கிறான். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், பையன் நிற்கிறான், அந்த உயர வித்தியாசத்தையே அதிகாரமாகக் காட்ட முடிகிறது. அப்பா கண்டிக்கும்போது அவன் முகத்தை ஒரு முறை காட்டினால் போதுமானதாக இருக்கிறது. இது ஒரு கேமரா முறை: ஒவ்வொரு ஷாட்டுக்கும் கேமராவை நகர்த்தி, வெளிச்சத்தைச் சரிசெய்து, நடிகர் முந்தின ஷாட்டில் கையை எங்கே வைத்திருந்தார் என்ற கன்டின்யூட்டியைப் பார்த்து எடுப்பது. மெதுவான வேலை. வாரம் ஓர் எபிசோடு, ஒவ்வொன்றும் பெரும்பாலும் தன்னளவில் முடிந்துபோகிற கதை என்பதால் அந்த மெதுவுக்கு இடம் கிடைத்தது. முதல் 13 எபிசோடுகளை இந்தியிலும் ஆங்கிலத்திலும் எடுத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால், நேரத்தை அவர்கள் எப்படிப் பிழிந்திருப்பார்கள் என்று வியப்பாக இருக்கும். பணம் கொட்டிக் கிடந்த தயாரிப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தனியார் சேனல்கள் வருவதற்கு முன்பே, 1990 செப்டம்பர் 30-இல், ஒரு கார் விபத்தில் சங்கர் நாக் இறந்துபோனார்.

தினசரித் தொடரின் கணக்கை இதன் பக்கத்தில் வையுங்கள். வாரத்துக்கு ஆறு எபிசோடு என்றால் 132 நிமிடம். நம் சினிமாவின் நீளம் இரண்டரை மணி நேரம், 150 நிமிடம். ஆக, ஏழு எபிசோடில் ஒரு முழுநீளப் படத்தின் அளவைத் தொட்டுவிடுகிறார்கள். ஒரு திரைப்படத்துக்கு மாதக்கணக்கில் நடக்கும் வேலை இங்கே எட்டு நாளில் நடந்தாக வேண்டும். அதுவும் வருடம் முழுவதும், மூச்சு விடாமல். கதை இன்னும் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். வசனம் காலையில் தளத்துக்கு வரும். உதவி இயக்குநர் பிராம்ட் பண்ண, நடிகர் கேட்டுக் கேட்டுச் சொல்வார். இந்த வேகத்தில் எட்டுப் பேரை அரைவட்டமாக நிறுத்துவது சோம்பேறித்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. கைவசம் உள்ள நேரத்தில் புத்திசாலிகள் கண்டுபிடித்த வழி அது.

கர்நாடகத்தில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல வாய்ப்பும் அமைந்தது. பிறமொழிப் படங்களையும் தொடர்களையும் கன்னடத்தில் டப்பிங் செய்வதற்குக் கன்னடத் திரையுலகில் நெடுங்காலம் எதிர்ப்பு இருந்தது. டப்பிங்கைத் தடுக்கும் அந்த வழக்கத்துக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2015-இல் தீர்ப்பளித்தது. 2020 ஊரடங்கில்தான் இந்தி 'மகாபாரதம்' கன்னடம் பேசி பெரிய அளவில் வீடுகளுக்குள் வந்தது. அதுவரை வேற்றுமொழித் தொடர் ஒன்று பிடித்திருந்தால் கன்னடத்தில் புதிதாக எடுத்தாக வேண்டும். இந்தி 'பாலிகா வது' அப்படித்தான் 'புட்டகௌரி மதுவே' ஆனது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு: கன்னட 'அக்னிசாக்ஷி' தமிழில் 'திருமணம்' ஆனது. ஒரே கதை, இயக்குநர் வேறு, நடிகர் வேறு, மொழி வேறு, வீட்டு வழக்கமும் பேச்சும் வேறு. பண்பாடுதான் காட்சியின் தோற்றத்தை முடிவு செய்கிறது என்றால், ஊருக்கு ஊர் கேமரா வேறு மாதிரி நிற்க வேண்டும். ஆனால் எந்த மொழியின் ஹால் காட்சியிலும் ஒலியை அடக்கிவிட்டுப் பாருங்கள். அதே வரிசை, அதே பளீர் வெளிச்சம், அதே மூன்று சுற்று ரியாக்‌ஷன். புடவைக் கட்டும் பூஜையறை விக்கிரகமும் மாறியிருக்கும், அவ்வளவுதான். மூன்று மொழி இயக்குநர்களுக்கும் ஒரே சமயத்தில் ரசனை கெட்டுப்போயிற்று என்பதைவிட, மூவர் கையிலும் ஒரே கால அட்டவணை இருந்தது என்பது நம்பத்தகுந்த விளக்கம்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு நியாயமானது. மிகச் சிறந்த ஒன்றை எடுத்து, சராசரியான ஒன்றோடு ஒப்பிடுகிறாயே. நேரம் கிடைத்தால் எல்லோரும் சங்கர் நாக் ஆகிவிடுவார்களா என்று கேட்கலாம். ஆக மாட்டார்கள். வாரத் தொடர்களிலும் குப்பை ஏராளம். தூர்தர்ஷன் காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடுபவர்கள் அதில் தூங்கிப்போன மாலைகளை வசதியாக மறந்துவிடுகிறார்கள். என் வாதம் அதைவிட அடக்கமானது. நேரம் இருந்தால் திறமை வெளிப்பட வாய்ப்பு உண்டு. நேரம் இல்லாவிட்டால் திறமை உள்ளவனும் அரைவட்டத்தில்தான் ஆட்களை நிறுத்துவான். தமிழிலேயே சான்று இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் நாகா இயக்கிய 'மர்மதேசம்' வாரத் தொடராக வந்தது. அதன் 'விடாது கருப்பு' கதையில் ஒரு கிராமத்தின் இன்றைய காலத்தையும் பழைய காலத்தையும் மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டே போனார்கள். பார்ப்பவரை எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் தடுமாற வைத்துப் பிறகு பிடித்துக்கொள்ள வைக்கும் அந்த எடிட்டிங்குக்கு, எழுதி முடித்த கதையும் யோசிக்க ஒரு வாரமும் தேவை. நாளைக்கு என்ன நடக்கும் என்று எழுத்தாளருக்கே தெரியாத தொடரில் அப்படி வெட்ட முடியாது.

முதல் மறுப்பின் இன்னொரு முனை எனக்கு உண்மையிலேயே சிக்கலைத் தருகிறது. டி.என். சீதாராம். 'மாயாமிருகா', 'மன்வந்தரா', 'முக்தா' என்று கன்னடத்தில் அவர் தந்தவை நாள்தோறும் வந்த தொடர்கள்தான். ஆனால் பெங்களூரின் படித்த குடும்பங்கள் அவற்றை மரியாதையோடு பார்த்தன. அரசியலும் சட்டமும் பேசிய நீதிமன்றக் காட்சிகளுக்காகக் காத்திருந்தார்கள். தினசரி அட்டவணை எல்லாவற்றையும் கெடுக்கிறது என்றால் இது எப்படி நடந்தது? நீதிமன்றக் காட்சியின் அமைப்பைப் பாருங்கள். நீதிபதி உயரத்தில், சாட்சி கூண்டில், வழக்கறிஞர் நடுவில், மற்றவர்கள் வரிசையாகப் பெஞ்சில். மனிதர்கள் உண்மையிலேயே அணிவகுத்து இருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. லுக் குழப்பம் இல்லை. வெளிச்சம் தட்டையாக இருந்தாலும் அரசு அலுவலகத்துக் குழல்விளக்கு வெளிச்சம் என்று ஒப்புக்கொள்ளலாம். சாட்சி சொல்லும்போது எதிர்த்தரப்பு முகத்தைக் காட்டுவதில் அர்த்தமும் இருக்கிறது. சீதாராம் தன் உழைப்பை அட்டவணை தின்ன முடியாத இடத்தில் போட்டார்: வசனத்தில், வாதத்தில். அட்டவணை வகுத்த எல்லைக்குள் எதைச் சிறப்பாகச் செய்ய முடியும் என்று அறிந்த கலைஞர் அவர். எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கும் அவரே சாட்சி. அந்தத் தொடர்களை நினைவுகூர்பவர்கள் பேச்சைச் சொல்கிறார்கள், ஷாட்டைச் சொல்வதில்லை.

இரண்டாவது மறுப்பு பார்வையாளர் பக்கத்திலிருந்து வருகிறது. மக்களுக்கு ரியாக்‌ஷன் பிடித்திருக்கிறது, அதனால் போடுகிறார்கள் என்பது. இதில் பாதி உண்மை. ஜான் எல்லிஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1982-இலேயே எழுதினார்: சினிமாவை இருட்டில் உற்றுப் பார்க்கிறோம், தொலைக்காட்சியை வீட்டு வேலைகளுக்கிடையே ஏறிட்டுப் பார்க்கிறோம், அங்கே ஒலிதான் நம்மைத் திரைக்கு இழுக்கிறது. அடுப்படியில் நின்று குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே தொடர் பார்க்கும் ஒருவருக்கு, ஹாலில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு அதிர்ச்சி, யாருக்கு உள்ளூர மகிழ்ச்சி என்பதை முகம் முகமாகக் காட்டுவது உதவிதான். அகன்ற ஷாட்டில் ஓரமாக நிற்கும் ஒருத்தியின் புருவம் அசைந்ததை அவர் எங்கே கவனிப்பது? ஆகவே முதல் சுற்று ரியாக்‌ஷனை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். அது வேலை செய்துகொண்டே பார்ப்பவருக்குத் தரும் மரியாதை. இரண்டாவது சுற்றும் மூன்றாவது சுற்றும் வேறு வகை. அவை புதிதாக எதையும் சொல்லவில்லை. 22 நிமிடத்தை எட்டுவதற்கான இட்டுநிரப்பல். ரஷ்ய இயக்குநர் குலஷோவ் ஒரு சோதனை செய்தார்: உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை, சூப் கிண்ணத்துக்குப் பிறகும் சவப்பெட்டிக்குப் பிறகும் ஒட்டிக் காட்டியபோது பார்த்தவர்கள் பசியையும் துக்கத்தையும் அந்த முகத்தில் கண்டார்கள். நம் தளங்களிலும் பொத்தாம்பொதுவான ஒரு முறைப்பை எடுத்து வைத்துக்கொண்டு, எடிட்டர் தேவையான இடத்தில் செருகிவிட முடிகிறது. மக்கள் விரும்புவது முகத்தை. செருகியதை விரும்புகிறார்களா என்று யாரும் அவர்களிடம் கேட்டதில்லை. டிஆர்பி எண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கருவிகள் மேம்பட்டுவிட்டன, இனி எல்லாம் மாறும் என்று மூன்றாவதாகச் சிலர் சொல்வார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது. டேப்பிலிருந்து டேப்புக்கு எடிட் செய்த காலத்தில் ஒரு ஷாட் கரைந்து அடுத்ததாக மாறும் டிசால்வ் ஒன்று போடவே பல இயந்திரங்கள் ஓட வேண்டும். அதனால் தேவையான இடத்தில் மட்டும் போட்டார்கள். கம்ப்யூட்டரில் எடிட்டிங் வந்ததும் அது விநாடி வேலை ஆயிற்று. மிச்சமான நேரம் சிந்தனைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. 2000 ஜூலை 3-இல் தொடங்கிய 'க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ' போன்ற இந்தித் தொடர்கள், ஒரே முகத்தை மூன்று முறை வெட்டிக் காட்டுவதையும், நடுவே வெள்ளை மின்னல் அடிப்பதையும், விர்ரென்று கேமரா திரும்புவதையும் நாடு முழுவதும் பரப்பின. இன்றைய டிஜிட்டல் கேமரா மங்கலான பின்னணியோடு அழகான குளோசப் தருகிறது, டிரோன் பறக்கிறது. புதுத் தொடரின் புரொமோவிலும் முதல் வாரத்திலும் கோயில் கோபுரத்தைச் சுற்றி டிரோன் வரும், ஆற்றங்கரை வரும், அதிகாலைப் பனி வரும். ஓரிரு மாதத்தில் எல்லோரும் ஹாலுக்குத் திரும்பிவிடுவார்கள். முதல் வாரத்தை எடுக்கும்போது கையில் நாட்கள் இருந்தன, பிறகு இல்லை. கேமரா அதேதான்.

கடைசி மறுப்பு: பார்ப்பவருக்கு மாஸ்டர், சஜஷன், கீ லைட் எல்லாம் எதற்கு? சமைக்கத் தெரிந்தால்தான் சாப்பிட வேண்டுமா? பெங்களூர் சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நெடுங்காலமாக ராமநவமிக் கச்சேரிகள் நடந்து வந்திருக்கின்றன. அங்கே உட்காருபவர்களில் பெரும்பாலோர் பாடத் தெரியாதவர்கள். ஆனால் நிரவல் எங்கே தொடங்கியது, ஸ்வரம் எந்த இடத்தில் எடுப்புக்கு வந்து சேர்ந்தது, தனி ஆவர்த்தனம் ஏன் சுருங்கிப்போயிற்று என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததால் வித்வான் ஏமாற்ற முடியாது. ஏற்பாட்டாளர் நேரத்தைக் குறைத்தால் யார் தவறு என்பதும் அவர்களுக்குப் புரியும். சொல் கையில் இருந்தால் குறையைச் சரியான இடத்தில் வைத்துப் பேசலாம். தொடரைப் பார்ப்பவருக்கு அந்தச் சொல் இல்லாததால், குற்றம் எப்போதும் தவறான முகவரிக்குப் போகிறது: நடிகையின் மீது, எழுத்தாளரின் மீது, கடைசியில் பார்க்கிற அம்மாவின் மீது. அட்டவணை போட்டவர் பெயர் விமர்சனத்தில் வருவதே இல்லை.

விமர்சனம் எழுதுபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பத்திரிகைகளில் தொடர்களைப் பற்றி வருவது பெரும்பாலும் நடிகர் பேட்டியும் அடுத்த வாரக் கதைச் சுருக்கமும்தான். ஒரு தொடரின் எடிட்டர் யார், ஒளிப்பதிவாளர் யார் என்பது தலைப்பில் ஓடி மறையும் எழுத்தோடு சரி. எஸ். ராமச்சந்திராவின் பெயர் 'மால்குடி டேஸ்' ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த இசையை முணுமுணுக்காதவர் இல்லை. அந்த வெளிச்சத்தைத் தந்தவரைக் கேட்டால் பதில் இல்லை.

அந்தத் தொடரில் வரும் அரசாளு ரயில் நிலையத்தின் பழைய கட்டடத்தை 2020-இல் மால்குடி அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். நல்ல காரியம். அதைவிட நல்லது, அப்படி ஒன்றை மீண்டும் எடுக்க இடம் கொடுப்பது. அன்றைய தூர்தர்ஷன் 13 வாரக் கணக்கில் தொடர்களுக்கு அனுமதி கொடுத்தது. முடிவு தெரிந்த கதை, வாரம் அரை மணி. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் நடக்கும் சேனல்கள் எதற்கும் தினசரித் தொடர்களைக் கைவிடச் சொல்லவில்லை. அவற்றை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் சம்பளம் வாங்குகின்றன. வாரத்தில் ஒரே ஓர் அரை மணி நேரத்தை, எழுதி முடித்த 13 எபிசோடு கதைக்கு ஒதுக்குங்கள். ஓர் எபிசோடுக்கு ஒரு நாள் என்பதற்குப் பதில் நாலு நாள் கொடுங்கள். ஒளிப்பதிவாளர் பெயரையும் எடிட்டர் பெயரையும் படிக்கிற அளவுக்குத் திரையில் நிறுத்துங்கள். பார்ப்பவர்களாகிய நாம் சேனலுக்குக் கடிதம் எழுதும்போது, கதையை மாற்று என்று கேட்பதை ஒரு முறை நிறுத்திவிட்டு, இதைக் கேட்டுப் பார்ப்போம்.